தாய்மாமன் கையெழுத்து

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடக்கிறது. 2022 செப்டம்பரில் என் தங்கை கொண்டுவந்து கொடுத்தது. அவள் மகனுக்குச் சட்டப்படி காப்பாளராக இருக்க எனக்குச் சம்மதம் என்று நான் சொல்வதுபோல நாலு வரி தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறாள். மூன்று வருஷம் தாண்டிவிட்டது. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

நான் கருவூலத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவன். பெரும்பகுதி ஓய்வூதியப் பிரிவில். ஒரு கையெழுத்து விழாமல் கிடந்தால் ஒரு குடும்பம் எத்தனை மாதம் நடையாய் நடக்கும் என்று கண்ணால் பார்த்தவன். கோப்பைத் தொடாமல் வைத்திருந்த அதிகாரிகளை மனதுக்குள் ஏசியவன். இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கை மகனைத் தெற்கே நாங்கள் மருமகன் என்போம். என் மருமகனுக்கு இப்போது 21 வயது. ஆட்டிசம். பேச்சு வரும். ஆனால் அது நம்மோடு பேசுகிற பேச்சாக அநேகமாக இருக்காது. எப்போதோ காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை, விழுந்த அதே ஏற்ற இறக்கத்தோடு, மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில் கழித்துத் திருப்பிச் சொல்வான். பஸ் கண்டக்டர் குரல், டி.வி. விளம்பரம், அவன் அப்பா செய்தித்தாள் படிக்கும் குரல் எல்லாம் அவனுக்குள் பத்திரமாக இருக்கின்றன. அப்பா போய் நாலு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் குரல் மட்டும் அந்த வீட்டில் இன்னும் கேட்கிறது.

அவனுக்குக் காது குத்தியது 2007 பங்குனி உத்திரத்தன்று, எங்கள் சாஸ்தா கோவிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு ஒரே தங்கை, அவளுக்கு ஒரே பிள்ளை. புது வேட்டி கட்டிக்கொண்டு, கால் பவுன் தோடு வாங்கிக்கொண்டு, பெருமையாக உட்கார்ந்தேன். பத்தடி தள்ளி மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் வில்லுப்பாட்டு. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். ஆசாரி இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை. எதற்கு அழுகிறான் என்று யாருக்கும் புரியவில்லை. இறுக்கிப் பிடித்தேன். என் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். சொந்தபந்தமெல்லாம் பார்க்க, அவனைத் தூக்கித் தங்கை கையில் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

"ரொம்பச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்க" என்றேன்.

அவள் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவனுடைய காதுக்கு அந்த ஸ்பீக்கர் சத்தம் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரிய வந்தது அடுத்த வருஷம். தெரிந்த பிறகாவது நான் சொன்னது தப்பு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த வரியை எழுதும்வரை சொல்லவில்லை.

2008-ல் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் கைக்குக் கிடைத்த ஊனச் சான்றில் அந்தச் சொல்லே கிடையாது. 1995-ம் வருஷச் சட்டத்தில் ஊனம் ஏழு வகைதான். அதில் ஆட்டிசம் இல்லை. 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். 2016-ம் வருஷச் சட்டம் ஏழு வகையை 21 ஆக்கியபோதுதான் ஆட்டிசம் தன் பெயரிலேயே இடம்பிடித்தது. இந்த விவரத்தையெல்லாம் நான் விரல்நுனியில் வைத்திருந்தேன். தங்கை வீடு தென்காசிப் பக்கம். சான்று வாங்க அலைந்த அந்த நாளில் தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. எதற்கெடுத்தாலும் திருநெல்வேலிக்குத்தான் வரவேண்டும். தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். எந்த அலுவலகம், எந்த மாடி, எந்த மேசை என்று போனில் வரிசையாகச் சொல்வேன். கூடப் போனதில்லை. மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தால் காபி வாங்கிக் கொடுப்பேன். அவன் நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போடுவான். சக ஊழியர்கள் பார்ப்பார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுல்லா" என்று நானே கிளப்பிவிடுவேன்.

அவள் தானாக விசாரித்துக் கண்டுபிடித்து ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கு அவனைக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய இடம். பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி ஒரு கிராமத்தில் அதை உண்டாக்கினார். அங்கே போய் வந்த பிறகுதான் தங்கை அழாமல் போன் பேசினாள். "அங்க யாரும் என்னைய ஒரு மாதிரி பாக்கலண்ணே" என்றாள். நான் ஒரு மாதிரி பார்த்தவர்களில் ஒருவன் என்று அந்த வாக்கியத்துக்குள் இருந்ததை அன்று நான் கேட்கவில்லை.

என் வேலையில் நான் நல்லவன் என்று பெயர் வாங்கியவன் என்பதையும் சொல்லவேண்டும். சம்பாதித்துப் பிழைக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, தாய் தகப்பன் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பல பெற்றோருக்கு இது தெரியாது. பணியிலிருந்து ஓய்வு பெறும்போதே பிள்ளையின் பெயரைப் பதிந்து வைக்க மாட்டார்கள். பிறகு தாயும் போய், பெரியப்பா மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கருவூலத்துக்கு வந்து நிற்பார்கள். அப்படி வந்தவர்களை நான் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். எந்தச் சான்று எங்கே வாங்கவேண்டும் என்று என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை, ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கான நிராமயா காப்பீடு என்று கேட்காததையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு அம்மா என் காலைத் தொட வந்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அந்தப் பிள்ளைகள் யாரும் சாயங்காலம் ஆறு மணிக்கு என் பின்னால் வீட்டுக்கு வரப்போவதில்லை. அதனால் என்னால் அவ்வளவு நல்லவனாக இருக்க முடிந்தது.

2019-ல் மகளுக்குக் கல்யாணம் கூடியது. நல்ல இடம். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் இருபத்தைந்து பேர் வருவதாக இருந்தது. நாலு நாளைக்கு முன்னால் தங்கைக்குப் போன் செய்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள் போல, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அது எனக்குத் தெரியாது.

"மண்டபம் சின்னது. சத்தமா இருக்கும். அவனுக்குச் சேராது" என்று ஆரம்பித்தேன்.

"காதுக்கு மாட்டுறது வச்சிருக்கேன்ணே. ஓரமா உக்காந்துக்கிடுதோம். முடியலன்னா வெளிய கூட்டிட்டு வந்துருவேன்."

"அதுக்கில்ல. அவங்க வீட்டுப் பெரியவங்க வாராங்க. எதாவது கேப்பாங்க. கல்யாணம் முடியட்டும், பொறவு ஒண்ணுமில்ல. நிச்சயத்துக்கு நீ மட்டும் வா. அவன விட்டுட்டு வா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "சரிண்ணே" என்றாள்.

அவள் வரவில்லை. பெண்ணின் அத்தை இல்லாமல் நிச்சயம் நடந்தது. கேட்டவர்களிடம் "அவளுக்குக் காய்ச்சல்" என்றேன். தங்கை கணவர் மட்டும் ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். தூக்கைத் திறந்தால் மூன்று மூன்று உருண்டையாக ஒட்டிய கொத்துகள் ஒரே திசையைப் பார்த்து, வரிசை பிசகாமல், அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் சதுரமாக வெட்டிய வாழையிலை. யார் அடுக்கியது என்று பார்த்தவுடன் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கு இரண்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "யார் கைப்பக்குவம்?" என்று கேட்டார்கள். "சொந்தக்காரங்க" என்றேன்.

மகள் புருஷனுக்கு ஆறு மாதத்துக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. "இத எதுக்கு மாமா மறைச்சீங்க? என் பெரியம்மா பையனும் அப்படித்தான்" என்றார். யாருக்குப் பயந்தேனோ அவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே இல்லை. அவர்கள் வீட்டில் இல்லாதிருந்தாலும், அவர்கள் முகம் சுளித்திருந்தாலும், நான் செய்தது அதேதான்.

2021-ல் தங்கை கணவர் மாரடைப்பில் போனார். அரசுப் பள்ளி ஆசிரியர். 2003-க்கு முன்னால் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டம். அவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தது, பையனின் பெயரைப் பதியவைத்தது, அவனுக்கு மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்தது எல்லாம் நான்தான். ஒரு தடவைகூடக் கோப்பு திரும்பி வரவில்லை. ஊரில் எல்லோரும் "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அடுத்த வருஷம் அவனுக்கு 18 முடிந்தது. பிள்ளைக்கு எப்படிப்பட்ட குறைபாடு இருந்தாலும் 18 வயதானால் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். தாய் தகப்பன் கையெழுத்து அவனுக்காகச் செல்லாது. 1999-ம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமிக்க வேண்டும். தாயோ தகப்பனோ தாங்களே இருக்கலாம், தாங்கள் விரும்பும் வேறு ஒருவரையும் கேட்கலாம். தங்கைக்கு அந்தச் சமயம் கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். புருஷன் போன ஒரே வருஷத்தில் அவளுக்கும் இப்படி வந்ததில் பயந்துபோனாள். தட்டச்சு செய்த தாளோடு பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு எதுவும் ஆச்சுன்னா அவன் எங்க போவான்? நீ இருக்கேல்லா, உன் பேரப் போட்டுருக்கேன்."

தாளை வாங்கினேன். நிதானமாகப் படிப்பதுபோலப் படித்தேன். காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்கவேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த பிறகு கணக்குக் காட்டவேண்டும், நான் ஓய்வு பெறும் சமயம், இதிலெல்லாம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். கணக்கு எழுதியே 34 வருஷம் சோறு தின்றவன் அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது, "உங்க மதினி ஒத்துக்கிட மாட்டா" என்றும் சொன்னேன்.

மனைவியிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அடுப்படியில்தான் இருந்தாள். இரண்டு வருஷம் கழித்து அவளுக்குத் தெரியவந்தபோது, "நீங்க பயந்ததுக்கு என் தலைல ஏன் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அவள் கேட்டதில் பயம் என்கிற சொல்தான் சரி. அவன் என் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று பயந்தேன். ராத்திரி கத்துவான், மாடியில் குடியிருப்பவர்கள் கேட்பார்கள், ஓய்வு பெற்றபின் கோவில் குளம் என்று போக நினைத்ததெல்லாம் நின்றுவிடும் என்று பயந்தேன். அவன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தை நான் தூரத்தில் வைத்தே பழகிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாயே காப்பாளராக இருக்க விண்ணப்பித்து ஆணையும் வாங்கிவிட்டாள். அவளுக்குப் பிறகு யார் என்ற கேள்விதான் என் இழுப்பறையில் கிடக்கிறது.

2023-ல் ஒருநாள் கேட்டாள்: பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கவேண்டும், அவனை வைத்துக்கொள்ள முடியுமா? மாமனார் திவசம் இருக்கிறது என்றேன். திவசம் அடுத்த மாதம்.

அன்று ராத்திரி அவன் எங்கே இருந்தான் என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்தது 2024 ஜூனில். ஓய்வு பெற்ற அடுத்த மாதம், தங்கையின் ஓய்வூதிய நேர்காணல் விஷயமாக அவள் ஊருக்குப் போயிருந்தேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து இரண்டு அடி தள்ளி என் மருமகன், அவள் கத்தரிக்கோல் இலை வெட்டும் சத்தத்துக்கு லேசாக ஆடிக்கொண்டு, உதிர்ந்த இலைத் துணுக்குகளை அளவு வாரியாக வைத்துக்கொண்டிருந்தான். அவ்வளவு அமைதியாக அவனை நான் பார்த்ததே இல்லை.

என் செருப்பைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு என் குரலில், என் இழுவையோடு, சொன்னான்:

"நீ மட்டும் வா. அவன விட்டுட்டு வா."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "போன் அடிச்சாலும் இதத்தான் சொல்லுவான் சார். எங்க கேட்டானோ, அஞ்சு வருசமா சொல்லுதான்" என்றாள்.

எங்கே கேட்டான் என்று நான் சொல்லவில்லை. "தண்ணி இருக்குமா?" என்று கேட்டேன்.

தங்கை வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்தவை: எட்டு வருஷமாக வாரத்தில் இரண்டு சாயங்காலம் அவன் அந்தத் திண்ணையில்தான். அந்த நேரத்தில்தான் தங்கை பாங்குக்கும் ரேஷனுக்கும் போவாள், சில நாள் வீட்டில் சும்மா படுத்துத் தூங்குவாள். ஆஸ்பத்திரி ராத்திரியும் இவள் வீட்டில்தான். காசு வாங்குவதில்லை. பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பது. அவன் இருக்கிற அன்று பீடி குறையும், கூலியும் குறையும். "அதுக்கென்ன செய்ய, அந்த அக்காவுக்கும் உக்கார ஒரு நேரம் வேணும்லா" என்றாள்.

குக்கர் வைப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லவேண்டுமாம், எத்தனை விசில் என்றும் சொல்லவேண்டுமாம். சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஒன்று அடித்துவிட்டால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. சாம்பாரில் கறிவேப்பிலையை அவன் கண் முன்னால் எடுத்துப் போடவேண்டும். கையைக் கடிக்க ஆரம்பித்தால் பிடித்து இழுக்கக் கூடாது, கனமான போர்வையை முதுகோடு சுற்றிவிட்டு ஒதுங்கி இருக்கவேண்டும். ஒரு இடத்திலிருந்து கிளம்பணும் என்றால் முன்கூட்டியே சொல்லி, பத்து எண்ணவேண்டும். இவற்றை அவளுக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டாள். ஓய்வூதிய விதிகளில் அவனைப் பற்றி எது எத்தனாவது பிரிவில் வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2007-ல் என் மணிக்கட்டைக் கடித்தவனுக்கு ஒரு போர்வை போதும் என்று 2024-ல் ஒரு பீடித் தொழிலாளி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் போகிறேன். ஒன்றரை மணி நேர பஸ். போனால் இரண்டு மணி நேரம் அவனோடு இருப்பேன். தங்கை தூங்கப் போய்விடுவாள். முதல் மாதம் அவள் தூங்கவில்லை, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள். என்னை நம்ப அவளுக்கு அவ்வளவு நாள் ஆனது. மூன்று சனிக்கிழமை ஏதேதோ சாக்குச் சொல்லிப் போகாமலும் இருந்திருக்கிறேன். அதில் இரண்டு பொய்.

போன தைப்பொங்கலுக்கு மறுநாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவள் கண்ணெதிரே கையெழுத்துப் போடவேண்டும் என்று பேனாவும் எடுத்துப் போயிருந்தேன். நிச்சயத்துக்கு முன்னால் போனில் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். "அதான் அவன் தினமும் சொல்லுதானே, நான் எப்படி மறப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பேனா மூடியைக் கழற்றினேன். அவள் தாளைக் கையிலிருந்து வாங்கி, மடித்து, என் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"இது இருக்கட்டும்ணே. மொதல்ல ஒரு ராத்திரி வச்சுப் பாரு. காலையிலயும் உனக்கு இதே மனசு இருந்தா, அப்பம் போடு."

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி என்று முடிவாகியிருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். மனைவி தன் அம்மா கொடுத்த பழைய கம்பளியை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். காலையில் குக்கருக்குப் பதில் இட்லிச் சட்டி, மிக்ஸிக்குப் பதில் அம்மி என்று பேசி வைத்திருக்கிறோம். எனக்குப் பயம் போகவில்லை. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, வேண்டாம் என்று போன் செய்துவிடலாமா என்று யோசித்தேன்.

இன்று காலை மனைவி, "அவனுக்கு எந்தத் தட்டுல வைக்கணும்?" என்று கேட்டாள். அவன் ஒரே தட்டில்தான் சாப்பிடுவான் என்று எனக்குத் தெரியும். எந்தத் தட்டு என்று தெரியவில்லை. பீடிக்கார அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மஞ்சத் தட்டு சார். ஓரத்துல கொஞ்சம் நெளிஞ்சிருக்கும். புதுசு வாங்கிராதீங்க, அதையே குடுத்து விடுதேன்" என்றாள். பின்னால் இருந்து அவன் குரல் கேட்டது. என் குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.